பறவையைக் காக்கும் கையெழுத்து

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

“பெரியவளானதும் என்னவாகப் போகிறாய்?” என்று கேட்காத உறவினர் நம்மில் எவருக்கேனும் உண்டோ? கேள்வி ஒன்றுதான், விடைகளும் ஏறக்குறைய ஐந்தாறுதான். மருத்துவர், ஆசிரியை, செவிலியர், பொறியாளர், வங்கி அலுவலர், மாவட்ட ஆட்சியர். எங்கள் பெஞ்சில் அமரும் நாங்கள் நால்வரும் இந்த விடைகளையே மாற்றி மாற்றிச் சொல்லி வந்தோம். பொதுத் தேர்வு முடிந்ததும் எந்தப் பாடப் பிரிவில் சேருவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஆகவே, யாரும் எங்களிடம் சொல்லாத வேலை ஏதேனும் உலகில் இருக்கிறதா என்று நூலகத்தில் தேடினோம். அவ்வாறு கிடைத்த ஒன்றைப் பற்றியே இம்மலரில் எழுத விழைகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசுப் பணிகளில் அதற்கு ‘மேற்பார்வை உயிரியலாளர்’ என்று பெயர். வனவிலங்குகளைக் காக்கும் ஓர் அரசு அலுவலகத்திற்குத் தலைமை ஏற்று, அங்குள்ள உயிரியலாளர்களை வழிநடத்துவதே அவர் வேலை. இதைப் படித்ததும் எங்கள் கண்முன் தோன்றியது வேறு படம். பச்சை உடை, தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, மடியில் மான்குட்டி! மேலும் படிக்கப் படிக்க அந்தப் படம் கலைந்தது. அதனினும் பெரிய படம் ஒன்று தோன்றியது. அதை உங்களுக்கும் காட்டுவதே எங்கள் நோக்கம்.

வேலையும் தகுதியும்

அந்நாட்டின் உள்நாட்டு இலாகாவில் ‘மீன், வனவிலங்குப் பணித்துறை’ என்றொரு துறை உண்டு. மீன்வளத்திற்கும் பறவை விலங்குகளுக்கும் தனித்தனியே இருந்த இரண்டு துறைகளை இணைத்து 1940ஆம் ஆண்டில் இது அமைக்கப்பட்டது. இதன் கிளை அலுவலகங்கள் நாடெங்கும் உள்ளன. அந்நாட்டில் அரசுப் பணி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. வனவிலங்கு உயிரியலாளருக்கு 486. இப்பணிக்கு விண்ணப்பிப்பவர் உயிரியல் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதற்குள் விலங்கியலில் 12 பாட அலகுகளும், வனவிலங்கு பற்றிய பாடங்களில் 9 அலகுகளும், தாவரவியலில் 9 அலகுகளும் படித்திருக்க வேண்டும் என்பது விதி.

விலங்கைக் காக்கப் போகிறவருக்குத் தாவரவியல் எதற்கு என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரே வரியில் அதைத் தீர்த்து வைத்தார்: “மான் எதைத் தின்னும்?” அத்துடன் நாங்கள் வாயடைத்துப் போனோம். இருப்பிடமும் இரையும் இல்லாமல் விலங்கு மட்டும் தனியே வாழ்ந்துவிடுமா?

இத்துறையில் பெண்களுக்கு இடமுண்டா என்று சிலர் கேட்கக்கூடும். 1936ஆம் ஆண்டிலேயே ரேச்சல் கார்சன் என்ற பெண்மணி அந்நாட்டு மீன்வளத் துறையில் உயிரியலாளராகச் சேர்ந்தார். இணைக்கப்பட்ட புதிய துறையில் 1949இல் வெளியீடுகள் அனைத்திற்கும் தலைமைப் பதிப்பாசிரியரானார். பின்னர் பணியிலிருந்து விலகி, பூச்சிக்கொல்லிகளின் தீமையைப் பற்றி அவர் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்ற நூல் உலகையே விழிக்கச் செய்தது. 1972இல் டி.டி.டி. மருந்தைப் பயிர்களுக்குத் தெளிப்பதை அந்நாடு தடை செய்தது. 1993இல் மாலி பீட்டி என்பவர் அத்துறைக்கே இயக்குநரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவர்தாம்.

மேசையின் மேல் ஒரு காடு

சரி, அலுவலகத் தலைவர் காலையில் வந்து என்னதான் செய்கிறார்? பெரும்பாலும் படிக்கிறார், எழுதுகிறார், பேசுகிறார், கேட்கிறார். காட்டிற்குப் போவது அவருக்குக் கீழுள்ள உயிரியலாளர்களே. எவரை எங்கே அனுப்புவது, இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது, செங்குத்தான பாறையில் ஏறுபவருக்குக் கயிறும் பயிற்சியும் சரியாக உள்ளனவா, புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய அறிக்கையில் கணக்கு தவறாமல் இருக்கிறதா என்பதெல்லாம் தலைவரின் பொறுப்பு. நம் வீட்டில் அம்மா செய்யும் வேலையைப் போன்றதுதான் இதுவும். சாப்பாடு மட்டுமே எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதற்குப் பின்னே உள்ள கணக்கு தெரியாது.

இவற்றுள் மிகப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. 1973 டிசம்பரில் அந்நாட்டில் ‘அழிவுநிலை உயிரினங்கள் சட்டம்’ வந்தது. அதன்படி நடுவண் அரசின் எந்தத் துறையும் ஓர் அணையோ பாலமோ கட்டும்போதும், அதற்குப் பணமோ அனுமதியோ தரும்போதும், அங்கு வாழும் அழியும் நிலையிலுள்ள உயிர்களுக்குத் தீங்கு நேருமா என்று பார்க்க வேண்டும். தீங்கு நேரலாம் என்றால் வனவிலங்கு அலுவலகத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். முறையான ஆலோசனைக்கு 90 நாட்கள். அதன்பின் அலுவலகம் தன் ‘உயிரியல் கருத்துரை’யை எழுதிக் கொடுக்க 45 நாட்கள். அதன் அடியில் அலுவலகத்தின் சார்பாகக் கையெழுத்து விழ வேண்டும்.

“செய்யலாம்” என்றால் ஓர் உயிரினம் அழிந்து போகலாம். “கூடாது” என்றால் பல பேருடைய வேலையும் பணமும் பாதிக்கப்படலாம். இரண்டு பக்கமும் கோபம் வரும், வழக்கும் வரும். அப்போது, “எனக்குத் தோன்றியது, எழுதினேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். கிடைக்கின்ற அறிவியல் தகவல்களுள் சிறந்தவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. எல்லாம் தெரியும்வரை காத்திரு என்று அது சொல்லவில்லை. எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது இந்த இடந்தான். தேர்வுத் தாளில் தெரியாத கேள்வியை விட்டுவிடலாம். இந்த மேசையில் விட்டுவிட முடியாது. விட்டுவிடுவதும் அங்கே ஒரு விடையாகிவிடுகிறது!

ஒரு பறவையின் கதை

இதை விளக்க ஓர் உண்மைக் கதையைக் கூற விரும்புகிறோம்.

கலிபோர்னியாவில் ‘காண்டர்’ என்னும் பெரும்பறவை ஒன்று வாழ்கிறது. செத்த விலங்குகளைத் தின்று நிலத்தைச் சுத்தம் செய்யும் பிணந்தின்னிப் பறவை அது. சிறகுகளை விரித்தால் ஒன்பதரை அடி. நால்வர் அமரும் எங்கள் பெஞ்சைவிட நீளம். அறுபது ஆண்டுகள் வரைகூட வாழக்கூடியது. ஆனால் இனப்பெருக்கமோ மிக மெதுவாக நடப்பது. ஆறேழு வயதுக்குப் பிறகே முட்டையிடத் தொடங்கும். ஒருமுறைக்கு ஒரே முட்டை. பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒரு குஞ்சு. இத்தகைய பறவை துப்பாக்கியாலும் நஞ்சாலும் சாகத் தொடங்கினால் இழப்பை ஈடுகட்டுவது எவ்வாறு?

1980இல் பணித்துறையும் ஆடபன் சங்கம் என்ற பறவைக் காப்பு அமைப்பும் சேர்ந்து வென்டுரா என்ற ஊரில் காண்டர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. அரசுப் பக்கத்தில் அதற்குத் தலைமை ஏற்றவர் நோயல் ஸ்னைடர் என்னும் உயிரியலாளர். தொடங்கிய ஆண்டிலேயே பேரிடி விழுந்தது. எடையும் அளவும் பார்ப்பதற்காகக் குழுவினர் கையிலெடுத்த குஞ்சு ஒன்று அதிர்ச்சி தாங்காமல் இறந்துவிட்டது. காக்க வந்தவர்களின் கையிலேயே ஒரு குஞ்சு போனால் யார்தான் பொறுப்பார்? மாநில அரசு அனுமதியை நிறுத்திவைத்தது. பறவைகளைத் தொடவே கூடாது என்று கூறி வந்தவர்களின் குரல் ஓங்கியது.

பணி அங்கேயே முடிந்திருக்கலாம், முடியவில்லை. தொடாமலே செய்யக்கூடியதை அவர்கள் தொடர்ந்து செய்தார்கள். பறக்கும் காண்டர்களைப் படம் எடுத்தார்கள். எந்தச் சிறகு உதிர்ந்திருக்கிறது, எது பாதி முளைத்திருக்கிறது என்று படத்துக்குப் படம் ஒப்பிட்டு ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். அவ்வாறு எண்ணியபோது கிடைத்த விடை நெஞ்சை உலுக்கியது. 1982இல் உலகில் எஞ்சியிருந்த காண்டர்கள் மொத்தம் 22 மட்டுமே.

அதே 1982இல் மற்றொரு காட்சியையும் அவர்கள் தொலைவிலிருந்து கண்டார்கள். ஒரு முட்டையை யார் அடைகாப்பது என்று ஆணும் பெண்ணும் சண்டையிட்டதில் முட்டை பாறை விளிம்பிலிருந்து உருண்டு விழுந்து உடைந்து போயிற்று. ஐயோ என்றிருக்கும் அல்லவா? ஆனால் சில வாரங்களில் அதே இணை மீண்டும் ஒரு முட்டை இட்டது! முதல் முட்டை போனால் காண்டர் இன்னொன்று இடும் என்பது இதனால் தெளிவாயிற்று. முதல் முட்டையை எடுத்து மிருகக்காட்சிச் சாலையில் பொரிக்க வைக்கலாம்; பறவை காட்டில் மற்றொன்று இடட்டும். 1983 மார்ச் 30இல் சான் டியேகோ மிருகக்காட்சிச் சாலையில் அப்படி எடுத்து வந்த முட்டையிலிருந்து முதல் குஞ்சு வெளிவந்தது. ஒரு விபத்தைக் கண்டு கைபிசைந்து நிற்பதோடு முடிக்காமல், அதிலிருந்து வழியொன்றைக் கண்டெடுப்பது உயிரியலாளரின் கண் அன்றோ!

இரண்டு நல்லவர்களுக்கு இடையே

இனிமேல்தான் கதையின் கடினமான பகுதி வருகிறது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், காட்டிலிருந்த 15 காண்டர்களில் 6 காணாமற் போயின. இனப்பெருக்கம் செய்து கொண்டிருந்த ஐந்து இணைகளுள் நான்கு குலைந்தன. இப்போது என்ன செய்வது?

ஒரு சாரார், “எஞ்சியுள்ள எல்லாவற்றையும் பிடித்துப் பாதுகாப்பாக வளர்க்க வேண்டும், இல்லையேல் இனமே போய்விடும்” என்றனர். ஸ்னைடரின் கருத்தும் அதுவே. மறு சாரார், “வானத்தில் ஒரு காண்டரும் இல்லையென்றால் அவற்றின் காடுகளைக் காக்க யார் முன்வருவார்? கூண்டில் வளர்ந்த குஞ்சுகளுக்குப் பறந்து இரைதேடும் வழியைக் கற்றுக்கொடுக்க மூத்த பறவை ஏது?” என்று கேட்டனர். சிந்தித்துப் பாருங்கள்! இரு சாராரும் பறவையை நேசித்தவர்களே. இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. எங்கள் நால்வரிலேயே இருவர் அந்தப் பக்கமும் இருவர் இந்தப் பக்கமுமாகப் பிரிந்து ஓர் இடைவேளை முழுவதும் வாதாடினோம்.

1985ஆம் ஆண்டின் இறுதியில், எல்லாவற்றையும் பிடிப்பது என்று பணித்துறை முடிவெடுத்தது. அதை எதிர்த்து ஆடபன் சங்கம் நீதிமன்றம் சென்றது. ஆம், வென்டுராவில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உழைத்த அதே சங்கந்தான்! முதலில் நீதிமன்றம் தடை விதித்தது. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இதற்கிடையில் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, முட்டையிட்டு வந்த ஒரு பெண் காண்டர் ஈய நஞ்சால் இறந்து போயிற்று. 1987 ஏப்ரல் 19, காட்டில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டரையும் பிடித்தார்கள். அன்று உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. உலகின் காண்டர்கள் 27உம் கூண்டுகளுக்குள் இருந்தன. அவற்றின் வானம் வெறுமையாயிற்று.

அன்றிரவு அந்த அலுவலகத்தில் பணியாற்றியவர்களுக்கு உறக்கம் வந்திருக்குமா என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம். முடிவு சரியா தவறா என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் முடிவெடுத்தாக வேண்டும்.

திரும்பவும் வானில்

மிருகக்காட்சிச் சாலைகளில் காண்டரின் தலையைப் போலவே செய்த கைப்பாவையைக் கையில் மாட்டிக் கொண்டு குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். மனிதரைத் தாயென எண்ணிப் பழகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது. 1992 ஜனவரியில் முதல் இளம் காண்டர்கள் திரும்பவும் வானில் விடப்பட்டன.

மகிழ்ச்சி நீடித்ததா? புதிய தொல்லைகள் வரிசையாக வந்தன. சில பறவைகள் மின்கம்பிகளில் மோதி இறந்தன. உடனே, வளர்ப்பிடத்திலேயே போலி மின்கம்பம் நட்டு, அதில் அமர்ந்தால் இலேசான அதிர்ச்சி உண்டாகச் செய்து, கம்பத்தை அண்டாமலிருக்கப் பறவைகளைப் பழக்கினார்கள். பின்னர், தாய்ப் பறவைகள் பாட்டில் மூடி, கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் முதலியவற்றைப் பொறுக்கி வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுவதைக் கண்டார்கள். உயிரியலாளர்கள் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கூடுகளிலுள்ள குப்பையை அகற்றுகிறார்கள். சாலையில் நாம் எறியும் சோடா மூடிக்கும் ஒரு குஞ்சின் உயிருக்கும் இத்தகைய தொடர்பு இருக்கக்கூடும் என்று யார் நினைத்தார்? 2023இல் பறவைக் காய்ச்சல் பரவி அரிசோனா, யூட்டா பகுதிகளில் 21 காண்டர்களைக் கொன்றது. அவ்வாண்டிலேயே காண்டர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது ஈயம். வேட்டைக்காரர் சுடும் ஈயக் குண்டு விலங்கின் உடலில் சிதறிச் சிறு துகள்களாகப் பரவுகிறது. காட்டில் விட்டுச் செல்லும் குடலைத் தின்னும் காண்டரின் இரத்தத்தில் அது கலக்கிறது. இதனால் காண்டர்களை அவ்வப்போது பிடித்து, இரத்தத்தைச் சோதித்து, ஈயம் மிகுந்திருந்தால் சிகிச்சையளித்து விடுகிறார்கள்.

இங்கே தலைவருக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வேட்டைக்காரரைப் பகைவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் விட்டுச் செல்லும் குடல் காண்டருக்கு நல்ல உணவு. குண்டு மட்டும் செம்பாக இருந்தால் போதும். எனவே அவரையே நண்பராக்கிக் கொள்ள வேண்டும். கலிபோர்னியா மாநிலம் சட்ட வழியில் சென்றது. காண்டர்கள் வாழும் பகுதியில் 2008இலும், மாநிலம் முழுவதிலும் 2019 ஜூலையிலும் வேட்டையில் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டது. அரிசோனா வேறு வழியில் சென்றது. 2005 முதல் காண்டர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத குண்டுகளை இலவசமாகக் கொடுத்து, வேண்டிக் கேட்டுக் கொண்டது. ஓரிடத்தில் சட்டம், ஓரிடத்தில் வேண்டுகோள். எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று அறிய மனிதரைப் படிக்க வேண்டும். வனவிலங்கு அலுவலகம் என்பது பாதிக்கு மேல் மனிதரோடு பழகும் அலுவலகம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. கலிபோர்னியாவின் வடபகுதியில் வாழும் யூரோக் பழங்குடி மக்களுக்குக் காண்டர் புனிதமான பறவை. அம்மக்கள் பல ஆண்டுகள் முயன்று, அரசுத் துறைகளோடு கைகோத்து, 2022 மே மாதத்தில் தங்கள் நிலத்து வானில் காண்டர்களைப் பறக்கவிட்டார்கள். நூறாண்டுக்கும் மேலாகக் காண்டர் இல்லாத வானம் அது!

இன்று உலகில் 500க்கும் மேற்பட்ட காண்டர்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை கூண்டுக்கு வெளியே பறக்கின்றன. 1987இல் கடைசியாகப் பிடிபட்டதே, அந்த ஆண் காண்டரும் 2002இல் தன் பழைய மலைகளுக்கே திரும்ப விடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்குப் பறக்க மறக்கவில்லை.

நம் நாட்டில்

இதெல்லாம் அமெரிக்காவில் தானே என்று எண்ணிவிட வேண்டாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள திருக்கழுக்குன்றத்திற்குப் பெயரே கழுகினால் வந்தது. மதிய நேரத்தில் உணவுக்காக மலைக்கு வந்த இரண்டு பறவைகளைக் காண மக்கள் திரண்ட காலத்தைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மஞ்சள்முகப் பாறு என்னும் அப்பறவைகள் இப்போது அங்கே வருவதில்லை.

நம் நாட்டில் பாறுகளின் பெருஞ்சாவுக்கும் காண்டரைப் போலவே செத்த விலங்கிலிருந்த நஞ்சே காரணமாயிற்று. இங்கே அது ஈயமல்ல. மாடுகளுக்கு வலி தீர்க்கப் போட்ட ‘டைக்ளோபினாக்’ என்னும் மருந்து. அம்மருந்து உடலில் தங்கிய மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டுவிடும். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்து போயின. 2004இல் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அரியானாவிலுள்ள பிஞ்சோரில் பாறுகளைப் பாதுகாத்து வளர்க்கிறார்கள். நம் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை இன்னும் கூடு கட்டி வாழ்கின்றன.

ஆகவே, இங்கும் அத்தகைய மேசைகளும் அவற்றின் பின்னே அமர ஆட்களும் தேவை. இந்திய வனப் பணிக்கு நடுவண் தேர்வாணையம் ஆண்டுதோறும் தேர்வு நடத்துகிறது. 1980இல் முதன்முதலாகப் பெண்கள் அப்பணியில் சேர்ந்தார்கள். 1982இல் தொடங்கப்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனம் டேராடூனில் இருக்கிறது. வழி இருக்கிறது. அது இருப்பதே நமக்குத் தெரியாமலிருந்தது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் நால்வருள் ஒருத்திக்கு இவ்வேலை மிகவும் பிடித்துவிட்டது. அதை வீட்டில் சொன்னபோது, “பெண் பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை? நாளை மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னவென்று சொல்வது?” என்று பெரியவர்கள் கேட்டார்களாம். அவர்களைக் குறை கூறுவது எங்கள் எண்ணமன்று. பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி அவர்கள் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவார்? ஆனால் பணிவோடு ஒன்று சொல்ல விரும்புகிறோம். இவ்வேலைக்கு வேண்டியவை எவையென்று பட்டியலிட்டுப் பார்த்தோம். பொறுமை வேண்டும்; கணக்கில் கவனம் வேண்டும்; கோபமாக வருபவரிடம் நிதானமாகப் பேச வேண்டும்; குறைந்த பணத்தில் நிறைவாகச் செய்ய வேண்டும்; நேர்ந்த விபத்திலிருந்து பாடம் கற்க வேண்டும்; பிறர் திட்டினாலும் உண்மையை எழுத வேண்டும். இவற்றுள் எது நம் வீட்டுப் பெண்களிடம் இல்லாதது? நாள்தோறும் இவற்றை எங்கள் அன்னையரிடத்தில் காண்கிறோமே!

நாங்கள் எல்லோரும் காட்டிற்குப் போகப் போவதில்லை. ஒருத்தி செவிலியராவாள், ஒருத்தி கணக்கராவாள், ஒருத்தி இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் வேண்டுகோள் இதுதான்: விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பிரிவு என்று நிரப்புவதற்கு முன், ஒரு மாலைப் பொழுதாவது எங்களோடு அமர்ந்து எங்களைக் கேளுங்கள். மதிப்பெண்ணையும் பாருங்கள், எங்கள் மனத்தையும் பாருங்கள். கிடைக்கின்ற தகவல்களுள் சிறந்ததைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்றுதானே அந்தச் சட்டமும் சொல்கிறது? எங்களைப் பற்றிய தகவல்களுள் சிறந்தது எங்களிடமே இருக்கிறது.

தங்கைகளே! ஒன்பதாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நீ என்னவாகப் போகிறாய்?’ என்று கேட்டால் ஐந்தாறு விடைகளோடு நின்றுவிடாதீர்கள். நூலகத்தில் தேடுங்கள். உங்கள் கையெழுத்துக்காக எங்கோ ஒரு மேசை காத்திருக்கலாம். பேசத் தெரியாத ஓர் உயிருக்காகப் பேசி, ஆதாரத்தோடு எழுதி, அஞ்சாமல் அதன் கீழே பெயரெழுதும் துணிவு ஒரே நாளில் வந்துவிடாது. இன்று நம் பயிற்சி ஏட்டில் கண்டதைக் கண்டபடி எழுதுவதிலும், கணக்கை விடைக்கேற்பத் திருத்தாமல் உள்ளபடி போடுவதிலும் அது தொடங்குகிறது. நாம் இன்றே தொடங்குவோம்.